சொந்தமா வயரிங் கொந்தராக் (காண்டிராக்ட்) எடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா? இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க

நியூட்ரல் வயர் முனையில இருக்கிற லக்ல ஒரு போல்ட். அதை நான் ஒழுங்கா முறுக்கல, அவ்வளவுதான் விஷயம்.

சொந்தமா கொந்தராக் எடுக்க ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம் அது. மலேசியாவுல, சுங்கை சிப்புட் பட்டணத்துல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு பழைய டிபி பாக்ஸை (கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) கழட்டிட்டு புதுசு போட்டுக் கொடுத்தேன், மூணு பேஸ் சப்ளை, சாயந்திரம் ஆறு மணிக்கு டெஸ்ட் பண்ணி எல்லாம் எரியுதுன்னு பார்த்துட்டு, அக்கா கொடுத்த டீயைக் குடிச்சிட்டு கிளம்பிட்டேன். பதினோரு நாள் கழிச்சு காலையில போன் வருது. போய் டிபியைத் திறந்தா பிளாஸ்டிக் உருகின நாத்தம், நியூட்ரல் பார் ஒரு பக்கம் கறுத்துப் போய் நிக்குது. மூணு பேஸ்ல நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல லோடு கம்மியா இருக்கிற பேஸ்ல வோல்டேஜ் ஏறி 400 பக்கமா போயிடும். ரெண்டு ஐஸ்பெட்டி, ஒரு பெரிய சில்லர், டிவி, காசு மிஷின், எல்லாம் போச்சு. சில்லர்ல இருந்த கோழி, மீனு வேற.

அந்த அக்கா கத்தியிருந்தா கூட பரவால்ல. எங்க அம்மாவோட ஒரே தோட்டத்துல, ஒரே லயத்துல இருந்தவங்க. "நீயே பார்த்து செய் தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. நானும் அங்கேயே நின்னு "எல்லாத்தையும் நான் மாத்திக் கொடுத்துடறேன்க்கா, என் தப்புதான்"னு சொல்லிட்டேன்.

சொல்லும்போது எனக்கு தைரியம் என்னன்னா, என் கையில பொலிசி இருந்துச்சு லா. 'பிசினஸ் இன்சூரன்ஸ், எல்லாத்தையும் கவர் பண்ணும்'னு சொல்லி ஒரு ஏஜெண்ட் விற்ற பொலிசி. கிளெய்ம் போட்டேன். கடிதம் வந்துச்சு, முடியாதுன்னு. மூணு காரணம். ஒண்ணு, பொலிசியில எழுதியிருக்கிற அட்ரஸ்ல நடக்கிற விபத்துக்கு மட்டும்தான் கவர், அந்த அட்ரஸ் என்னோட ஸ்டோர். ரெண்டாவது, வேலையை முடிச்சு ஒப்படைச்ச பிறகு நடந்தது. மூணாவது, கம்பெனியைக் கேக்காம நானே தப்பை ஒத்துக்கிட்டேன். அந்த ஏஜெண்ட் எனக்கு விற்றது கடைக்காரங்களுக்கான பேக்கேஜ். தரை வழுக்கி கஸ்டமர் விழுந்தா, கடையில திருடு போனா, அதுக்குத்தான். எனக்குக் கடையே இல்ல! ஒன்பதாயிரத்துச் சில்லறை வெள்ளி (ரிங்கிட்), மாசம் மாசம் கட்டி முடிச்சேன்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நம்ம தொழிலுக்கு இன்சூரன்ஸ் பார்க்கிறதுல பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான். கடைக்காரனுக்கு ஆபத்து அவன் கடைக்குள்ள இருக்கு. நமக்கு ஆபத்து மத்தவங்க வீட்டுக்குள்ள இருக்கு, அதுவும் நாம டூல்ஸை எல்லாம் வண்டியில ஏத்திட்டுக் கிளம்பி வந்த பிறகு. இந்த ரெண்டையும் கவர் பண்ணாத பொலிசி எவ்வளவு மலிவா இருந்தாலும் நமக்கு அது வெறும் காகிதம்.

முதல்ல உங்க பேப்பர் எல்லாம் சரியா இருக்கா

இன்சூரன்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி லைசன்ஸ் விஷயம். சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுத்த வயர்மேன் சர்டிபிகேட் உங்ககிட்ட எது இருக்கு, பிடபிள்யூ 2ஆ, பிடபிள்யூ 4ஆ? பிடபிள்யூ 2 ஒரு பேஸுக்கு மட்டும்தான். அதை வச்சுக்கிட்டு கூட்டாளி சொன்னான்னு மூணு பேஸ் கடையில கை வச்சு ஏதாவது ஆச்சுன்னா, எவ்வளவு நல்ல பொலிசியா இருந்தாலும் கம்பெனிக்காரன் முதல்ல கேக்கிறது அதைத்தான். பெரும்பாலான பொலிசியில 'சட்டத்துல சொன்னதை எல்லாம் கடைப்பிடிக்கணும், நியாயமான முன்ஜாக்கிரதை எடுத்துக்கணும்'னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வச்சே கைவிரிச்சிடலாம்.

சர்டிபிகேட் இருந்தா மட்டும் போதாது, கொந்தராக்டரா வேலை எடுக்கணும்னா சுருஹான்ஜாயா தெனாகாவுல கொந்தராக்டர் பதிவும் வேணும், கட்டுமான வேலைன்னா சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவும் வேணும். எஸ்எஸ்எம்ல (கம்பெனி பதிவு ஆணையம்) எண்டர்பிரைஸ் போட்டிருப்பீங்க, சொந்தப் பேர்னா வருஷத்துக்கு 30 வெள்ளி, வேற பேர் வச்சா 60 வெள்ளி. மலிவுதான், ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க, எண்டர்பிரைஸ்னா அது நீங்களேதான். கோர்ட்டுல எண்டர்பிரைஸ் தோத்தா உங்க வீடு, காடி (கார்), பேங்க்ல இருக்கிற காசு எல்லாத்துக்கும் கை நீளும். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) மாதிரி இடையில சுவர் கிடையாது. அந்த சுவருக்குப் பதிலாத்தான் இன்சூரன்ஸ்.

சொக்சோ, உங்களுக்கே

ஏஜெண்ட்டுங்க இதைச் சொல்லவே மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு இதுல கமிஷன் இல்ல. 2017ல வந்த சட்டம் 789, சொந்தத் தொழில் பண்றவங்களுக்கான சொக்சோ, அதாவது அரசாங்கத்தோட சமூகப் பாதுகாப்புத் திட்டம். வேலை செய்யும்போது அடிபட்டா வைத்தியம், வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் காசு, நிரந்தரமா கை கால் போச்சுன்னா அதுக்கு, இறந்துட்டா குடும்பத்துக்குப் பென்ஷன். நாலு திட்டம் இருக்கு. வருஷத்துக்கு 157.20, 232.80, 442.80, 592.80 வெள்ளி. முதல் திட்டம் எடுத்தா உங்க மாச வருமானம் 1,050 வெள்ளின்னு கணக்கு, கடைசித் திட்டம்னா 3,950 வெள்ளி. கிடைக்கிற காசு எல்லாம் இந்தக் கணக்கை வச்சுத்தான் வரும்.

பெரும்பாலான பையன்கள் முதல் திட்டத்தை எடுத்துட்டு வந்து 'சொக்சோ இருக்குண்ணே'ங்கிறாங்க. மாசம் மூவாயிரம் சம்பாதிக்கிறவன் ஏணியில இருந்து விழுந்து மூணு மாசம் படுத்தா, ஆயிரத்துச் சில்லறை வெள்ளியோட ஒரு பங்கை வச்சு வண்டித் தவணை கட்ட முடியுமா? நாலாவது திட்டத்துக்கும் முதல் திட்டத்துக்கும் வித்தியாசம் மாசத்துக்கு 36 வெள்ளி 30 காசு. வேற எந்த இன்சூரன்ஸ் எடுக்கலைன்னாலும் இதை எடுங்க, நாலாவதை எடுங்க. காசு கட்டின பிறகுதான் கவர் ஆரம்பிக்கும், பன்னிரண்டு மாசத்துல முடிஞ்சிடும், அதனால தேதியை போன்ல போட்டு வச்சுக்கங்க. அப்புறம், இது வேலையில படுற அடிக்கு மட்டும்தான். சிறுநீரகம் போச்சு, நெஞ்சு வலி வந்துச்சுன்னா அதுக்கு வேற மெடிக்கல் கார்டு பார்க்கணும்.

தனி ஆள்தானேன்னு நினைக்காதீங்க, பைப் இழுக்க ஒரு கையாள் கூட்டிட்டுப் போவீங்க. தங்கச்சி மகன், ஸ்கூல் லீவுல வர்ற பையன், யாரா இருந்தாலும் சம்பளம்னு கொடுத்துட்டா நீங்க முதலாளி. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 4 படி அவனுக்கு சொக்சோ போடணும், 30 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். இது ஏன் முக்கியம்னா, கீழ சொல்லப்போற பப்ளிக் லயபிலிட்டி பொலிசி உங்ககிட்ட வேலை செய்றவனுக்கு அடிபட்டா ஒரு காசு தராது. அது வெளியாளுக்கு மட்டும்தான்.

பப்ளிக் லயபிலிட்டி, இதுலதான் உங்க நேரத்தைப் போடணும்

உங்க வேலையால வெளியாள் ஒருத்தருக்கு அடிபட்டா, இல்ல அவங்க சொத்துக்கு சேதம் வந்தா, நீங்க சட்டப்படி கொடுக்க வேண்டியதை கம்பெனி கொடுக்கும், வக்கீல் செலவும் பார்க்கும். பேப்பர்ல பார்த்தா ஒரு வரி. உள்ள போனாத்தான் தெரியும்.

ஏஜெண்ட்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது, "என் ஸ்டோர்ல நடக்கிறதுக்கா, இல்ல மலேசியா முழுக்க நான் எங்க போய் வேலை செஞ்சாலுமா?" வெளியிடத்துல செய்ற வேலையும் சேர்த்துன்னு பொலிசியிலயே எழுதியிருக்கணும். ஏஜெண்ட் வாயால சொன்னா பத்தாது.

அடுத்த கேள்வி, "வேலையை ஒப்படைச்சிட்டு வந்த பிறகு நடந்தா?" சாதாரண பப்ளிக் லயபிலிட்டியில இது பெரும்பாலும் விலக்கு லிஸ்ட்லதான் கிடக்கும். முடிச்ச வேலைக்கான கவரைத் தனியா சேர்த்துக் கேக்கணும், சில கம்பெனியில இதை புரொடக்ட் லயபிலிட்டியோட (விற்ற பொருளால வர்ற சேதத்துக்கான கவர்) சேர்த்துத் தருவாங்க. கொஞ்சம் பிரீமியம் ஏறும். ஏறட்டும், நமக்கு உயிர்நாடியே இதுதான். வாட்டர் ஹீட்டர் மாட்டிட்டு வர்றோம், கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற 10 மில்லியம்பியர் ஆர்சிசிபி போட்டுட்டு வர்றோம், எட்டு மாசம் கழிச்சுத்தான் யாரோ குளிக்கும்போது ஷாக் அடிக்குது. நாம அங்க நிக்கும்போது எத்தனை பேருக்கு ஷாக் அடிச்சிருக்கு, சொல்லுங்க? கவனக்குறைவுன்னு கேஸ் போடறதுக்கு சாதாரணமா 6 வருஷம் டைம் இருக்கு, அதனால இந்த வருஷம் எடுத்துட்டு அடுத்த வருஷம் விட்டுட்டா, பழைய வேலை எல்லாம் வெறும் முதுகோட நிக்கும். விபத்து எப்ப நடந்துச்சோ அந்த வருஷத்துப் பொலிசி பார்க்குமா, இல்ல கிளெய்ம் எப்ப வந்துச்சோ அந்த வருஷத்துப் பொலிசியா, இதையும் கேட்டுக்கங்க. பப்ளிக் லயபிலிட்டி பெரும்பாலும் விபத்து நடந்த தேதியைப் பார்க்கும்.

இன்னொண்ணு, நீங்க செஞ்ச தப்பான வேலையைத் திருப்பிச் செய்ய இன்சூரன்ஸ் காசு தராது. என் கதையில சரியான பொலிசி இருந்திருந்தாலும் புது டிபி வாங்குற காசு என் பாக்கெட்ல இருந்துதான். ஐஸ்பெட்டி, சில்லர், கோழிக்கு மட்டும் கொடுத்திருப்பாங்க. ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்த மோட்டாரு, கஸ்டமரோட பம்பு, இதெல்லாம் உங்க கைவசம் இருக்கிற பொருள், அதுவும் வழக்கமா விலக்கு. மண்ணுக்கடியில ஓடுற கேபிளை நோண்டும்போது அறுத்துட்டீங்கன்னா அதுக்குத் தனி நிபந்தனை இருக்கும், முன்கூட்டியே பிளான் வாங்கிப் பார்த்திருக்கணும்பாங்க.

லிமிட் எவ்வளவு எடுக்கிறது? எல்லாரும் பிரீமியத்தைப் பார்த்து முடிவு பண்றாங்க, அப்படிப் பண்ணாதீங்க. நீங்க வேலை செய்ற இடத்துலயே எரிஞ்சா விலை அதிகமான பொருள் எதுன்னு பாருங்க. நம்ம பட்டணத்துல இன்னும் பலகை மாடி வச்ச பழைய கடை வரிசை இருக்கு, ஒரு கடையில பிடிச்சா அஞ்சடி (கடை முன்னாடி இருக்கிற நடைபாதை) வழியா அடுத்த கடைக்குப் போயிடும். அப்ப நீங்க ஒரு கடைக்கு இல்ல, ஒரு வரிசைக்கே பதில் சொல்லணும். தாமான்ல (குடியிருப்புப் பகுதி) இருக்கிற தெரஸ் வீடும் அப்படித்தான், கூரை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கு. ஒரு லட்சம் வெள்ளி லிமிட் எடுத்துட்டு என்ன பண்றது? ஐந்து லட்சம், முடிஞ்சா ஒரு மில்லியன் வெள்ளிக்கு விலை கேளுங்க. லிமிட் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா பிரீமியம் வழக்கமா ரெண்டு மடங்கு ஆகாது, கேட்டுப் பார்த்தாத் தெரியும். லிமிட்டுக்குப் பக்கத்துல 'ஒரு விபத்துக்கு', 'ஒரு வருஷத்துக்கு'ன்னு ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டையும் பாருங்க.

'அவங்ககிட்ட பயர் இன்சூரன்ஸ் இருக்கே, நமக்கு என்ன'ன்னு ஒரு நினைப்பு இருக்கும். அந்த பயர் இன்சூரன்ஸ் கம்பெனி வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்துட்டு, அப்புறம் அந்தக் காசைக் கேட்டு உங்ககிட்ட வரும். வீட்டுக்காரர் வேணாம்னு சொன்னாலும் நிறுத்த முடியாது, அந்த உரிமை கம்பெனிக்குப் போயிடுது. தோட்டத்து லயத்துல வேலை செய்றவங்க இதைக் கவனிங்க, வீடு தோட்டத்தோடது, உள்ள இருக்கிற கட்டில், டிவி, நகை எல்லாம் குடியிருக்கிறவங்களது. ஒரு தீ, ரெண்டு பக்கம் கிளெய்ம்.

அப்புறம் எக்ஸஸ். ஒவ்வொரு கிளெய்முக்கும் முதல்ல நீங்க போட வேண்டிய காசு. எக்ஸஸ் 1,000 வெள்ளின்னா, 800 வெள்ளி டிவி எரிஞ்சா நீங்களேதான் வாங்கிக் கொடுக்கணும். இதுல எனக்குக் கவலை இல்ல. சின்னச் சின்ன சேதத்தை நாமளே பார்த்துக்கலாம், பெரிய அடி விழுந்தா தாங்கத்தான் இன்சூரன்ஸ், அதனால எக்ஸஸ் கொஞ்சம் கூட இருந்தாலும் லிமிட் பெருசா இருக்கிறதை எடுங்க. இது என் அபிப்பிராயம்.

தொழில்னு இருக்கிற கட்டத்துல என்ன எழுதுறீங்க

பிரபோசல் பாரத்துல 'தொழில்' கட்டம்னு ஒண்ணு இருக்கும், ரெண்டு அங்குல இடம்தான். ஏஜெண்ட் அவசரத்துல 'எலெக்ட்ரிக்கல்'னு எழுதிட்டு சைன் போடுங்கம்பான். போடாதீங்க. எலெக்ட்ரிக்கல்னா சாமான் விக்கிற கடையா, ரிப்பேரா, வயரிங்கா? பொலிசி அந்தக் கட்டத்துல எழுதின தொழிலுக்கு மட்டும்தான் கவர். நாம எத்தனை வேலை பண்றோம்னு ஒரு நாள் உக்காந்து எழுதிப் பாருங்க. வீட்டு வயரிங், கடை டிபி, ஏர்கான், சிசிடிவி, ஆட்டோகேட், தண்ணி பம்பு, இப்ப சோலார் வேற. கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டறோமே, அது? மாரியம்மன் கோயில் தீமிதிக்கு வருஷா வருஷம் நான்தான் லைட் கட்டறேன், ஈரப் புல்லு, ஜென்செட், கம்பத்தைப் பிடிச்சு ஆடுற பிள்ளைங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஜனம். காசு வாங்காம புண்ணியத்துக்குச் செய்றதுன்னாலும் பிள்ளைக்கு ஷாக் அடிச்சா பொறுப்பு நம்மளோடதுதான். 'விழாக்களுக்குத் தற்காலிக மின்விளக்கு வேலை'ன்னு தனியா ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதி வாங்கினேன்.

இங்க சட்டத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. 2013ல வந்த நிதிச் சேவைச் சட்டத்துல, சொந்த வீடு, சொந்தக் காடிக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறவங்க கம்பெனி கேக்கிற கேள்விக்குக் கவனமா, உண்மையா பதில் சொன்னா போதும். ஆனா தொழிலுக்குன்னு எடுத்தா அப்படி இல்ல, கம்பெனி முடிவெடுக்கிறதுக்கு முக்கியம்னு உங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தை அவங்க கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லணும். பழைய கிளெய்ம், வேலையில வெல்டிங் இருக்கிறது, உயரத்துல ஏறுறது, கையாள் வச்சிருக்கிறது, எல்லாம். நான் இப்ப பாரத்தோட ஒரு வெள்ளைத் தாள் சேர்த்து எல்லாத்தையும் எழுதி, போன்ல படம் எடுத்துட்டுத்தான் கொடுக்கிறேன். ஏஜெண்ட் 'இவ்வளவு தேவையில்லண்ணே'ன்னு சிரிப்பான். சிரிக்கட்டும்.

பர்சனல் ஆக்சிடென்ட் எடுத்தாலும் இதே கதைதான். அதுல வேலையை வகுப்பு வகுப்பா பிரிச்சிருப்பாங்க, ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்க ஒண்ணு, கையால வேலை செய்றவங்க மூணு. பிரீமியம் குறையணும்னு உங்களை 'பிசினஸ்மேன்'னு ஒண்ணாவது வகுப்புல போட்டுடுவாங்க. ஏணியில இருந்து விழுந்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல 'வயரிங் வேலை செய்யும்போது'ன்னு வந்தா, அப்பத் தெரியும் அந்த பிசினஸ்மேன் பட்டத்தோட விலை.

மில், தோட்டம், பெரிய கொந்தராக்டர்

செம்பனை மில்லுக்குள்ள இல்ல தோட்டத்து ஆபீஸ் மூலமா வேலை கிடைச்சா கிராணி (ஆபீஸ் கிளார்க்) ஒரு லிஸ்ட் கொடுப்பார், பப்ளிக் லயபிலிட்டி காப்பி, சொக்சோ ரசீது, சிஐடிபி பச்சை கார்டு. பொலிசியில தோட்டத்தோட பேரையும் பிரின்சிபலா (வேலை கொடுக்கிறவங்களா) சேர்க்கச் சொல்லுவாங்க, பயப்பட வேணாம், கம்பெனிகிட்ட சொன்னா எண்டார்ஸ்மெண்ட் (பொலிசியோட சேர்க்கிற கூடுதல் வரி) போட்டுத் தருவாங்க. வேலை கிடைச்ச பிறகு ஓடாதீங்க, விலை (கொட்டேஷன்) கொடுக்கும்போதே அந்தச் செலவைச் சேர்த்துப் போடுங்க.

கட்டட வேலைன்னா 'கொந்தராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்'னு ஒண்ணு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா எடுக்கிறது, அந்த வேலையோட விலைக்கு. சைட்ல போட்ட கேபிள் திருடு போனாலோ, எரிஞ்சாலோ அதுக்கு. வருஷம் முழுக்க சின்ன வீட்டு வேலை செய்றவங்களுக்கு இது தேவையே இல்ல. பெரிய கொந்தராக்டருக்குக் கீழ சப் எடுத்தா அவங்ககிட்டயே இது இருக்கும், ஆனா 'இருக்கு'ன்னு சொன்னதை நம்பாதீங்க, காப்பி கேளுங்க, சப் கொந்தராக்டர்களும் கவர்ல இருக்காங்களான்னு அந்த வரியைத் தேடுங்க. கொடுக்க மறுத்தா இல்லைன்னு வச்சுக்கங்க.

வண்டி, டூல்ஸ்

வண்டிக்கு ரெண்டே விஷயம். சொந்தக் காடிக்கான சாதாரண பொலிசியில, தொழிலுக்காகச் சாமான் ஏத்திட்டுப் போறது விலக்கு. வேன்ல ஏணி, கேபிள் ரோல் எல்லாம் ஏத்திட்டு ஓடுறோம், அதனால எந்த உபயோகத்துக்கு எடுத்திருக்குன்னு பொலிசியைப் பாருங்க, தப்பா இருந்தா ரினியூ வரைக்கும் காத்திருக்காம மாத்துங்க. வெள்ளம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ்ல வராது, தனியா சேர்க்கணும்.

டூல்ஸ் இன்சூரன்ஸ் பத்தி நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. பெரும்பாலும் பூட்டை உடைச்ச அடையாளம் இருந்தாத்தான் திருட்டுன்னு ஒத்துக்குவாங்க, ராத்திரி வண்டியில விட்டிருந்தா கிடையாதும்பாங்க. அரைகுறையா எடுத்தா இன்னும் மோசம். உங்க டூல்ஸ் எல்லாம் சேர்த்து 12,000 வெள்ளின்னு வைங்க, பிரீமியம் குறையணும்னு 6,000 வெள்ளிக்கு எடுத்தீங்க, 4,000 வெள்ளி சாமான் போச்சு. ஆவரேஜ் விதி இருக்கிற பொலிசின்னா பாதிதான் கவர்ங்கிறதால 2,000 வெள்ளிதான் வரும், அதுலயும் எக்ஸஸ் கழியும். மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்டர்), கிளாம்ப் மீட்டர், டிரில் ரெண்டு மட்டும் வச்சிருக்கிற புது ஆளு இந்தக் காசை பப்ளிக் லயபிலிட்டியில போடலாம், டூல்ஸை ராத்திரி வீட்டுக்குள்ள எடுத்து வைங்க.

காசு கட்டுறது, ஏஜெண்ட்

விலையை ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீங்க, 8 விழுக்காடு சேவை வரி, 10 வெள்ளி முத்திரை சேரும். பிரீமியம் 400 வெள்ளின்னா கையில இருந்து போறது 442. குறைஞ்சது மூணு கம்பெனியில கேளுங்க, கோலகங்சார் ஈப்போ பக்கம் போற நாள்ல கிளைக்கே நேரா போய்க் கேக்கிறதுல தப்பே இல்ல. இஸ்லாமிய முறை இன்சூரன்ஸான தக்காபுல்லயும் இதே மாதிரி இருக்கு, மதம் பார்க்கிறதில்ல, யாரும் எடுக்கலாம். கம்பெனி பேங்க் நெகாரா (மத்திய வங்கி) லைசன்ஸ் லிஸ்ட்ல இருக்கான்னு பார்த்துடுங்க. ஏஜெண்ட்டோட சொந்தக் கணக்குக்குக் காசு போடாதீங்க, கம்பெனி பேருக்குப் போடுங்க. தொழில் பொலிசியில வழக்கமா 60 நாள் டைம் கொடுப்பாங்க, அதுக்குள்ள பிரீமியம் போய்ச் சேரலைன்னா பொலிசி தானா செத்துடும், ஏஜெண்ட் பாக்கெட்ல உங்க காசு தூங்கினாலும் சரி. ரசீதைப் பத்திரமா வைங்க, வருஷா வருஷம் எல்எச்டிஎன்னுக்கு (வருமான வரி இலாகா) போராங் பி போடும்போது தொழில் செலவுல கழிக்கலாம்.

பொலிசி கையில வந்த அன்னைக்கு முதல் பக்கத்துல இருக்கிற ஷெடியூலைப் படிங்க. பேர், எஸ்எஸ்எம் நம்பர், தொழில், எங்க எங்க கவர், லிமிட், எக்ஸஸ், எண்டார்ஸ்மெண்ட். ஆங்கிலம் புரியலைன்னா வீட்டுல படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு உக்கார வைங்க. நான் என் மகளைத்தான் உக்கார வச்சேன், 'அப்பா, இதுல வேலை முடிஞ்ச பிறகு கிடையாதுன்னு போட்டிருக்கே'ன்னு அவதான் கண்டுபிடிச்சா, அது ரெண்டாவது தடவை எனக்கு வந்த தப்பான பொலிசி. திருப்பி அனுப்பி மாத்த வச்சேன்.

ஏதாவது ஆயிடுச்சுன்னா

முதல்ல சப்ளையை ஆஃப் பண்ணுங்க, ஆளுக்கு அடிபட்டிருந்தா ஆஸ்பத்திரி. அப்புறம் வாயைக் கட்டுங்க. நம்ம ஊர்ல இது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும், எல்லாரும் அக்கா, மாமா, பெரியப்பா, முகத்தைப் பார்த்து 'நான் பார்த்துக்கிறேன்'னு சொல்லாம எப்படி வர்றது. ஆனா கம்பெனி ஒத்துக்காம நீங்க பொறுப்பு எடுத்தா, கிளெய்மைத் தள்ள அதுவே போதும். நான் இப்ப சொல்றது இதுதான்: "மனசு கஷ்டமா இருக்குக்கா. இன்சூரன்ஸுக்கு இன்னிக்கே சொல்லிடறேன், அவங்க ஆளு வந்து பார்க்கட்டும், அது வரைக்கும் எதையும் தூக்கிப் போடாதீங்க." இதுல பொய் ஒண்ணும் இல்ல, மரியாதையும் குறையல.

அன்னைக்கே கம்பெனிக்கு எழுத்துல சொல்லுங்க, வாட்ஸ்அப்ல ஏஜெண்ட்டுக்குச் சொன்னது மட்டும் கணக்கு இல்ல. எட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்புற ஆளு) வர்ற வரைக்கும் எரிஞ்ச சாமானைக் கழட்டாதீங்க, படம் எடுங்க. வக்கீல் கடிதம் வந்தா பதில் எழுதாம அப்படியே கம்பெனிக்கு அனுப்புங்க. கிளெய்மை மறுத்துட்டாங்க, உங்களுக்கு அது நியாயமாப் படலைன்னா முதல்ல கம்பெனியோட புகார்ப் பிரிவு, அங்கயும் இல்லைன்னு கடைசி முடிவு சொல்லிட்டா, அந்தக் கடிதத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள எஃப்எம்ஓஎஸ்க்குப் போகலாம். 2025 ஜனவரியில இருந்து நடக்கிற நடுவர் அமைப்பு அது, முன்னாடி ஓஎஃப்எஸ்னு இருந்தது, நம்ம மாதிரி சின்னத் தொழில்காரங்களும் போகலாம், காசு கிடையாது, 2,50,000 வெள்ளி வரைக்கும் பார்ப்பாங்க.

எட்ஜஸ்டர் வந்தா கேக்கிறது உங்க வேலையோட ஆதாரம். வேலை முடிஞ்சதுக்கான போராங் ஜி, டெஸ்ட் பண்ணதுக்கான போராங் எச் காப்பி, 500 வோல்ட்ல மெக்கர் போட்ட ரீடிங், ஆர்சிசிபி எத்தனை மில்லிசெக்கண்டுல விழுந்துச்சு, தேதியோட. அந்த சாப்பாட்டுக் கடை விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், டிபியில ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் டிரைவர்ல (சொன்ன அளவு இறுக்கத்துல முறுக்குற கருவி) முறுக்கி, தலை மேல சிவப்பு மார்க்கர்ல ஒரு கோடு இழுப்பேன், பாதி போல்ட்ல பாதி பார்ல. போல்ட் லூசாச்சுன்னா கோடு கோணலா நிக்கும். அதை மூடுறதுக்கு முன்னாடி ஒரு படம், மூடின பிறகு ஒரு படம், ரெண்டையும் கஸ்டமர் வீட்டு நம்பர் போட்டு கிளவுட்ல ஏத்திடறேன், ஏன்னா போன் ஒரு தடவை தண்ணித் தொட்டியில விழுந்துச்சு.